வதிவிட விசா இல்லாமல் திருகோணமலையில் வங்கிக் கணக்குத் திறப்பது எப்படி?

சுற்றுலா விசாவில் வந்து நிற்கும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் திருகோணமலையில் வங்கிக் கணக்குத் திறக்கலாமா? திறக்கலாம். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டமும் அதன் கீழ் மத்திய வங்கி விடுத்த பணிப்புரைகளும் அதற்கு இடம் கொடுக்கின்றன. ஆனால் கிளையின் முன்மேசையில் இருப்பவர் அதையெல்லாம் படித்திருப்பார் என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள். நான் முதலில் ஏறிய கிளையில் கடவுச்சீட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "வதிவிட விசா இருக்கிறதா? இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வேறொரு வங்கியில் அதே கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்த உத்தியோகத்தர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "காசு எங்கேயிருந்து வருகிறது, எதற்காக வருகிறது?"

இந்தக் கேள்விக்கு ஆவணத்தோடு பதில் வைத்திருப்பவருக்குக் கணக்குக் கிடைக்கும்.

கனடா, பிரித்தானியா, நோர்வே, சுவிஸ், அவுஸ்திரேலியா எனக் குடிபெயர்ந்து அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தவர்களுக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும், தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இரட்டைக் குடியுரிமை பெற்றவர்களுக்குப் பாதை இதைவிட இலகு. அவர்கள் அந்தச் சான்றிதழைக் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

1. எந்தக் கணக்கு என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

"ஒரு சேமிப்புக் கணக்கு வேண்டும்" என்று போய் நின்றால் உள்ளூர்க்காரருக்கான படிவத்தைத்தான் நீட்டுவார்கள். அது உங்களுக்கு உரியதல்ல. கணக்கின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

முதலாவது, தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு. வங்கிக்காரர் இதைப் பி.எஃப்.சி.ஏ. என்பார்கள். இலங்கைக்குத் தற்காலிகமாக வந்திருக்கும் வெளிநாட்டவரும் திறக்கலாம். பணம் டாலராகவோ பவுணாகவோ யூரோவாகவோ இருக்கும். உள்ளூர்ச் செலவுக்கு ரூபாயாக மாற்றி எடுக்கலாம், மிஞ்சியதை வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்பலாம். அம்மாவின் மருந்துச் செலவு, வீட்டுத் திருத்த வேலை, நீண்ட விடுமுறை போன்றவற்றுக்கு இது போதும்.

இரண்டாவது, உள்முக முதலீட்டுக் கணக்கு, அதாவது ஐ.ஐ.ஏ. பங்கு, திறைசேரி முறி, நிலையான வைப்பு, கம்பனி முதலீடு, சட்டம் அனுமதிக்கும் ஆதனம் ஆகியவற்றில் பணம் போட நினைப்பவர்களுக்கு உரியது. இதை வெளிநாட்டு நாணயத்திலும் வைத்திருக்கலாம், ரூபாயிலும் வைத்திருக்கலாம். இந்தக் கணக்கின் வழியாக முதலீடு செய்தால், பிறகு விற்கும்போது முதலையும் இலாபத்தையும் அதே வழியாக வெளியே கொண்டுபோகலாம். வேறு வழியில் கொண்டுவந்த காசில் வாங்கிவிட்டு, விற்ற பணத்தை வெளியே எடுக்க வழி தேடி அலைபவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

மூன்றாவதாக, வதிவற்றோருக்கான ரூபாய்க் கணக்கு. வீட்டு வாடகை போன்ற உள்ளூர் வருமானம் இருந்தால் மட்டும் இதைப் பற்றி விசாரியுங்கள்.

ஒரு பொறி: வெளிநாட்டு நாணயக் கணக்கிலிருந்து ஒருமுறை ரூபாயாக மாற்றிய பணத்தை மறுபடி அதே கணக்கில் போட முடியாது. உள்ளூர் ரூபாய்க்கு அந்தக் கணக்கின் கதவு திறக்காது. ஆகவே மேசனுக்குக் கொடுக்க வேண்டிய முழுத் தொகையையும் முதல் நாளே மாற்றி வைக்காதீர்கள். வேலை நடக்க நடக்க மாற்றுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணக்குத் திறந்துவிட்டால் நிலாவெளியில் கடற்கரைக் காணி வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணியை உரிமை மாற்ற முடியாது. இரட்டைக் குடியுரிமையாளருக்கும், நெருங்கிய உறவினரிடமிருந்து மரபுரிமையாகப் பெறுபவருக்கும் விலக்கு உண்டு. 99 ஆண்டுகள் வரையான குத்தகைக்கும் வழி உண்டு. மச்சான் பெயரில் வாங்கி வைப்பது என்ற யோசனையைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. திருகோணமலை நீதிமன்றத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள்.

2. பழைய அடையாள அட்டையை வெளியே எடுக்காதீர்கள்

இங்கே பிறந்து வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்களில் பலர் பழைய தேசிய அடையாள அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். "அதைக் காட்டினால் பத்து நிமிடத்தில் கணக்குத் திறக்கலாம்" என்று உறவினர்களும் சொல்வார்கள். பத்து நிமிடத்தில் திறக்கலாம்தான். ஆனால் இரட்டைக் குடியுரிமை பெறாமல் இன்னொரு நாட்டுக் குடியுரிமையை எடுத்தவுடன் இலங்கைக் குடியுரிமை போய்விடுகிறது. அதன் பிறகு அந்த அட்டையைக் காட்டி உள்ளூர்வாசியாகக் கையெழுத்திடுவது பொய்யான அறிவிப்பு. கணக்கில் பெரிய தொகை வந்து, வங்கி உங்கள் விவரங்களைப் புதுப்பிக்கக் கேட்கும் நாளில்தான் அது தலைக்கு வரும். பணம் உள்ளே, நீங்கள் வெளியே.

அந்த அட்டை ஓர் இடத்தில் மட்டும் உதவும். இலங்கை வம்சாவளியினர் என்று காட்டும் துணை ஆவணமாக, உங்கள் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து, இப்போதைய குடியுரிமை எது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுக் காட்டலாம்.

3. பெயர்ச் சிக்கலை முதலில் அவிழுங்கள்

தமிழருக்கு வங்கியில் வரும் தொல்லைகளில் பாதி பெயரால் வருவது. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னே, உங்கள் பெயர் பின்னே. கடவுச்சீட்டில் தலைகீழ். வெளிநாட்டு வங்கி அறிக்கையில் முதலெழுத்து மட்டும். பெண்களுக்குக் கணவர் பெயர் வேறு வந்து சேர்ந்துவிடும். தமிழ்நாட்டுக் கடவுச்சீட்டுகள் சிலவற்றில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாகவே இருக்கும். இலங்கைப் படிவமோ அதைக் கட்டாயம் நிரப்பச் சொல்லும்.

விதி ஒன்றுதான்: கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, கணக்கிலும் இருக்க வேண்டும். பணம் அனுப்பும் வெளிநாட்டு வங்கிக் கணக்கிலும் அதே பெயர் இருந்தால் நல்லது. அனுப்புபவர் "க. சிவகுமார்", பெறுபவர் "சிவகுமார் கணேசன்" என்றிருந்தால் பணம் இடைநடுவில் நிற்கும், அல்லது திரும்பிப் போகும். கட்டணம் மட்டும் திரும்பி வராது.

ஆவணங்களில் பெயர் வேறுபட்டால் இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி ஒன்றை முடித்து, சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரி (மாவட்டச் செயலகம்), நீதிமன்றம் பக்கம் போனால் தட்டச்சு செய்து தருபவர்களைக் காணலாம். திருமணத்தால் பெயர் மாறியிருந்தால் விவாகச் சான்றிதழின் பிரதியும் வேண்டும்.

கையொப்பமும் அப்படித்தான். கடவுச்சீட்டில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டு வங்கியில் ஊர்ப்பாசத்தில் தமிழில் போடாதீர்கள். எதைப் போட்டாலும் இரண்டும் ஒன்றாக இருக்கட்டும்.

4. கட்டி எடுத்துப் போக வேண்டிய ஆவணங்கள்

கடவுச்சீட்டின் மூலப்பிரதி, அதன் விவரப் பக்கத்தின் பிரதி, வருகை முத்திரை விழுந்த பக்கத்தின் பிரதி. இணையத்தில் எடுத்த பயண அனுமதியின் அச்சுப்பிரதி. விசாக் காலம் முடிய இன்னும் சில நாட்களே இருக்கும்போது போனால், "நீடித்துக்கொண்டு வாருங்கள்" என்பார்கள். ஆகவே வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே வங்கி வேலையைத் தொடங்குங்கள்.

வெளிநாட்டு முகவரிக்கான சான்று: கடந்த 3 மாதங்களுக்குள் வந்த மின்சார, தண்ணீர்ப் பட்டியல் அல்லது வங்கி அறிக்கை. இப்போது எல்லாம் தொலைபேசியில் வருகிறது என்று சொல்லிக்கொண்டு திரையைக் காட்டாதீர்கள். கடதாசியில் அச்சடித்து, முடிந்தால் உங்கள் வங்கியின் முத்திரையோடு, புறப்படும் முன்பே எடுத்து வையுங்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு ஓஸ்லோ வங்கியின் முத்திரையைத் தேட முடியாது.

வருமானச் சான்று: சம்பளச் சீட்டு, வேலை வழங்குநரின் கடிதம், ஓய்வூதியக் கடிதம், வரி மதிப்பீட்டு அறிவித்தல் போன்றவற்றில் இரண்டு. பெரிய தொகை கொண்டுவருபவர்கள் அது எப்படி வந்தது என்பதையும் காட்ட வேண்டும். வீடு விற்றதென்றால் விற்பனைப் பத்திரம், நன்கொடையென்றால் கொடுத்தவரின் கடிதம்.

வரி அடையாள இலக்கம்: எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்களோ அந்த நாட்டு இலக்கம். அமெரிக்கக் குடிமக்களுக்கும் பச்சை அட்டைக்காரர்களுக்கும் தனியாக டபிள்யூ-9 படிவம் நிரப்பத் தருவார்கள். "நான் அமெரிக்கன் இல்லை" என்று சும்மா குறியிட்டுவிட்டு வர வேண்டாம்.

கடவுச்சீட்டு அளவுப் புகைப்படங்களையும் எடுத்துப் போங்கள். எல்லாவற்றிலும் இரண்டு பிரதிகள் வைத்திருங்கள். போட்டோப் பிரதி எடுக்க வெளியே அனுப்பினால் திரும்பி வரும்போது உங்கள் வரிசை இலக்கம் போயிருக்கும்.

5. உள்ளூர் முகவரியைச் சும்மா விடாதீர்கள்

இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். வதிவிடம் இல்லாதவர் உள்ளூர் முகவரி காட்டுவது சட்டத்துக்காக மட்டுமல்ல. வங்கி அட்டையையும் கடிதங்களையும் எங்கே அனுப்புவது என்ற நடைமுறைக் கேள்வியும் அதில் இருக்கிறது. உப்புவெளி விடுதியின் பெயரை எழுதினால் ஏற்பது சந்தேகம். உறவினர் வீட்டில் தங்கியிருந்தால் வீட்டுக்காரரின் பெயரில் உள்ள மின்சாரப் பட்டியலும், "இவர் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறார்" என்று அவர் எழுதிய கடிதமும் வேண்டும். அந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தித் தந்தால் பிறகு கேள்வி இல்லை.

கிராம உத்தியோகத்தரை வீட்டுக்காரரோடு சேர்ந்து போய்ப் பாருங்கள், தனியாகப் போகாதீர்கள். அவருக்கு உங்களைத் தெரியாது, உவர்மலை மாமியைத் தெரியும். அலுவலக நாட்கள் எவை என்பதை முன்கூட்டிக் கேளுங்கள். மற்ற நாட்களில் அவர் களத்திலோ பிரதேச செயலகத்திலோ இருப்பார். பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தின் மேலொப்பம் வேண்டுமா என்பதை வங்கியில் கேட்டுவிட்டுப் போனால் இரண்டாம் நடை மிச்சம்.

6. வங்கியையும் நேரத்தையும் தெரிவு செய்தல்

நகரத்தில் அரச வங்கிகளும் பெரிய தனியார் வங்கிகளும் பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன. எந்த வங்கி என்பதைவிட, அந்தக் கிளையில் வெளிநாட்டு நாணயக் கணக்குகளைக் கையாளும் மேசை இருக்கிறதா என்பதுதான் முக்கியம். சிறிய கிளைகளில் படிவத்தை வாங்கிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். வாசலில் டோக்கன் எடுக்கும் முன், "வெளிநாட்டு நாணயக் கணக்குப் பார்ப்பவர் யார்?" என்று கேளுங்கள். முன்மேசையில் முடியாது என்றால் இரண்டாம் அதிகாரியையோ முகாமையாளரையோ பார்க்கக் கேட்பதில் தவறில்லை. குரலை உயர்த்தாமல், "பி.எஃப்.சி.ஏ. திறக்க வந்தேன், தற்காலிக வருகையாளர் வகை" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு பேச்சின் தொனியே மாறிவிடும்.

அரச வங்கிகள் பொதுவாகத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்குத் திறந்து பிற்பகல் 3 மணிக்குக் கதவடைக்கும். மாதத் தொடக்கத்திலும் சம்பள, ஓய்வூதிய நாட்களிலும் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் மேசைகள் சில வெறுமையாக இருக்கும். போயா (பௌர்ணமி) நாளில் எல்லா வங்கிகளுக்கும் விடுமுறை. ஏப்ரல் புத்தாண்டு வாரத்தில் இந்த வேலையை நினைத்தே பார்க்க வேண்டாம். செவ்வாய், புதன் காலை 9 மணி சரியான நேரம்.

நாட்டுக்கு வராமலேயே திறக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். சில வங்கிகள் ஏற்கும். ஆவணப் பிரதிகளை அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பச் சொல்வார்கள். தமிழ்நாட்டுக்காரருக்கு இலங்கை வங்கியின் சென்னைக் கிளை இருக்கிறது, விசாரித்துப் பார்க்கலாம். என் அபிப்பிராயத்தில், நேரில் வரக்கூடியவர் நேரில் வருவதே மேல். தபாலில் போன படிவத்தில் ஒரு கட்டம் விடுபட்டால் அதைச் சொல்வதற்கே ஒரு மாதம் ஆகும்.

7. பணத்தை உள்ளே கொண்டுவருதல்

கணக்குத் திறந்த அன்று போட வேண்டிய ஆரம்பத் தொகை வங்கிக்கு வங்கி, நாணயத்துக்கு நாணயம் வேறுபடும். வெளிநாட்டு நோட்டாகக் கையில் சிறிது வைத்திருங்கள். கசங்கிய, எழுதப்பட்ட, பழைய வரிசை டாலர் நோட்டுகளைத் தள்ளிவிடுவார்கள்.

பெரிய தொகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள். ரொக்கமாகக் கொண்டுவருபவர்கள் 15,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருந்தால் விமான நிலையச் சுங்கத்தில் அறிவித்து, அந்தப் பத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். கட்டுநாயக்காவில் வாங்காத பத்திரத்தைத் திருகோணமலையில் வாங்க முடியாது.

உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம், அனுப்பிய காசு இந்தக் கணக்குக்குள் வராது. நாணயமாற்று வீதத்தில் இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி வந்தது உள்ளூர் ரூபாய். அது வெளிநாட்டிலிருந்து வந்ததற்கு உங்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது.

ஐரோப்பாவிலிருந்து அனுப்புபவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே படிவம் ஐபான் (சர்வதேச வங்கிக் கணக்கு) இலக்கம் கேட்கும். இலங்கையில் ஐபான் முறை இல்லை. கணக்கு இலக்கம், வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு, கிளையின் பெயர் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். உள்ளூர் மாற்றல்களுக்கு 4 இலக்க வங்கிக் குறியீடும் 3 இலக்கக் கிளைக் குறியீடும் தேவைப்படும். இலங்கை வங்கிக்கு 7010, மக்கள் வங்கிக்கு 7135. கணக்குத் திறக்கும் அன்றே எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள்.

அனுப்பும்போது "நோக்கம்" என்ற இடத்தில் படிவத்தில் சொன்னதையே எழுதுங்கள். குடும்பச் செலவு என்று கணக்கைத் திறந்துவிட்டு முதலீடு என்று பணம் அனுப்பினால் கேள்வி வரும். 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கக் கொடுக்கல் வாங்கல்களையும் மின்னணு மாற்றல்களையும் வங்கிகள் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிக்கையிடுவது வழமை. அதற்குப் பயந்து ஒன்பது ஒன்பதாகப் பிரித்து அனுப்பாதீர்கள். அப்படிப் பிரிப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

பணம் வந்ததும் வங்கியிடமிருந்து வரவு அறிவித்தலை எழுத்தில் வாங்குங்கள். பின்னாளில் பணத்தைத் திருப்பி அனுப்பும்போது கேட்கப்படும் முதல் கடதாசி அதுதான்.

8. செலவும் வரியும்

அனுப்பும் வங்கி ஒரு கட்டணம் எடுக்கும், இடையில் இருக்கும் வங்கி ஒன்று எடுக்கும், பெறும் வங்கியும் எடுக்கலாம். எல்லாவற்றையும் அனுப்புபவரே ஏற்பதாகத் தெரிவு செய்தால் சொன்ன தொகை அப்படியே வந்து சேரும். ஆனால் உண்மையான செலவு நாணயமாற்று வீதத்தில்தான் ஒளிந்திருக்கிறது. வாங்கும் வீதத்தை இரண்டு மூன்று வங்கிகளில் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பாருங்கள். தொகை பெரிதென்றால் முகாமையாளரிடம் சிறப்பு வீதம் கேளுங்கள். கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் பலகையில் உள்ளதுதான்.

ரூபாய் வைப்பின் வட்டியில் 2025 ஏப்ரல் முதல் 10 சதவீதம் முற்பண வரியாகக் கழிக்கப்படுகிறது. வங்கி முறிந்தால் வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபாய் வரைதான் ஈடு தரும்.

உங்கள் நாட்டுச் சட்டத்தையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவில் வரி கட்டுபவர்கள், வெளிநாட்டுக் கணக்குகளில் உள்ள மொத்தம் ஆண்டின் எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும். கனடாவில் வெளிநாட்டுச் சொத்தின் அடக்க விலை 1,00,000 கனேடிய டாலரைத் தாண்டினால் டி1135 படிவம். இந்தியாவில் வசிப்பவர்கள் தாராளப் பண அனுப்பல் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். வெளிநாட்டுக் கணக்கை வருமான வரி விவரத்தில் காட்டுவது அவர்களுக்குக் கட்டாயம்.

9. அட்டை, இணைய வங்கி, ஒருமுறைக் கடவெண்

ஆவணங்கள் முழுமையாக இருந்தால் கணக்கு இலக்கம் பெரும்பாலும் அன்றோ அடுத்த வேலைநாளோ கிடைத்துவிடும். அட்டை வருவதற்கு நாளாகும். உங்கள் திரும்பும் திகதியைச் சொல்லி, வீட்டுக்கு அனுப்பாமல் கிளையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பெரிய சிக்கல் தொலைபேசி இலக்கத்தில் இருக்கிறது. விமான நிலையத்தில் வாங்கிய சுற்றுலாச் சிம்மின் இலக்கத்தைக் கொடுத்தால், அது காலாவதியான அன்று இணைய வங்கியும் போய்விடும். ஒருமுறைக் கடவெண் (ஓ.டி.பி.) வராமல் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு அந்த இலக்கத்தை மாற்ற நேரில் வா என்பார்கள். வெளிநாட்டு இலக்கத்தையும் மின்னஞ்சலையும் ஏற்பார்களா என்று படிவத்தில் எழுதுவதற்கு முன் கேளுங்கள். ஏற்றால், கிளையில் இருக்கும்போதே ஒரு சிறு மாற்றலைச் செய்து கடவெண் வருகிறதா என்று பாருங்கள். பார்க்காமல் படியிறங்காதீர்கள்.

10. திரும்பிப் போன பிறகு

நீண்ட காலம் அசைவில்லாத கணக்கை வங்கி செயலற்றது என்று ஒதுக்கிவிடும். அதை எழுப்ப மறுபடி ஆவணம், மறுபடி நேரில் வருகை. சில மாதங்களுக்கு ஒருமுறை சிறு தொகையாவது போட்டு எடுங்கள். கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் இலக்கம் மாறும். புதிய பிரதியை வங்கிக்கு அனுப்பிவையுங்கள்.

உள்ளூரில் உங்களுக்காகக் கணக்கை யாராவது இயக்க வேண்டுமென்றால், வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அதற்குப் பதிலாக, எவ்வளவு, எதற்கு என்று வரம்பு போட்ட அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) ஒன்றைச் சட்டத்தரணி மூலம் எழுதிப் பதிவு செய்யுங்கள். வங்கி ஏற்கும் வாசகம் எது என்பதை முதலில் வங்கியிடமே வாங்கிக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள். பின்னுரித்தாளி, அதாவது உங்களுக்குப் பிறகு பணத்தைப் பெறுபவரின் பெயரையும் கணக்குத் திறக்கும் அன்றே எழுதிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் காரணம் சொல்லாமல் மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டவுடன் பல மறுப்புகள் காணாமல் போகின்றன. அதற்கும் அசையாவிட்டால் வங்கியின் தலைமையக முறைப்பாட்டுப் பிரிவு, அதற்கு அப்பால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம். உள்நாட்டிலிருந்து 1935ஐ அழைக்கலாம். அழைக்கும்போது கிளையின் பெயர், போன திகதி, பேசிய உத்தியோகத்தரின் பதவி மூன்றும் கையில் இருக்கட்டும்.